நாய்க்குக் கயிறு: யார் எண்ணுவது, எதை எண்ணுவது?

போன வருஷம் மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. காலை நடைக்கு நாங்கள் நாலைந்து பேர் போகும் மைதானத்தில், எங்கள் வீட்டுக் கருப்பன் ஒரு பையனின் சைக்கிளைத் துரத்தியது. பையன் விழுந்தான். கெண்டைக்காலில் பல் பட்டு, லேசாக ரத்தம் கசிந்தது. கருப்பன் கழுத்தில் கயிறு இல்லை. கயிறு வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பையனின் அப்பா வந்தார். சத்தம் போடவில்லை. "உங்க நாயா சார்?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்ன பதில்: "வீட்டுப் பக்கமாத்தான் கெடக்கும்... சோறு வைப்போம்."

இருபத்தைந்து வருஷம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருவரிடம் கேள்வி கேட்டு வாங்கும் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பாடத்துக்கு உதாரணமாக நானே நின்றேன். அதன்பிறகு மனதில் ஓடிக்கொண்டிருந்த கேள்வியைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன். பொது இடத்தில் நாய்க்குக் கயிறு கட்டவேண்டும் என்று விதி போட்டால், அது கடைப்பிடிக்கப்படுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்பதற்குச் சின்ன விஷயம். எண்ண ஆரம்பித்தால் சின்னது இல்லை.

விதி எங்கே இருக்கிறது?

நம் மாநிலத்தில் இந்தப் பேச்சு சூடுபிடித்தது 2024 மே 5-ஆம் தேதி. சென்னை ஆயிரம்விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. தலையில் பலத்த காயம், அறுவை சிகிச்சை. நாய்களின் உரிமையாளர் கைதானார். அதன்பிறகு மாநகராட்சி, செல்லநாய்களுக்கு உரிமம் வேண்டும், பொது இடத்துக்குக் கூட்டிவரும்போது கயிறும் வாய்மூடியும் வேண்டும் என்று வலியுறுத்தியது. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் இறந்தார். அந்த வருஷக் கடைசியில் செல்லநாய்க்கு மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவிப்பு வந்தது. நவம்பர் கடைசி என்று முதலில் சொன்ன கெடு, டிசம்பருக்குத் தள்ளிப்போனது.

மாநகராட்சி விதி பேராவூரணிக்கு வராது. நாம் பேரூராட்சி. ஆனால் நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு அது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 289-ஆவது பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் 1,000 ரூபாய் வரைதான்.

இந்தப் பிரிவில் 'தன் வசம் உள்ள' என்ற சொற்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அங்கே வரவேண்டியிருக்கிறது.

கேட்பதா, பார்ப்பதா?

விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்று அறிய எளிய வழி, நாய் வளர்ப்பவரிடமே கேட்பது. "வெளியே போறப்ப கயிறு போடுவீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் "போடுவோமே" என்றுதான் பதில் வரும். அதை முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. கேட்கப்படும் நேரத்தில் கயிறு போட்ட நாட்கள்தான் ஞாபகத்துக்கு வரும். "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று விட்ட நாட்கள் கணக்கில் சேராது. அந்த அப்பா என்னிடம் ஒரு வாரம் முன்னால் கேட்டிருந்தால் நானும் "எப்பவும் கயித்தோடதான்" என்றுதான் சொல்லியிருப்பேன், மனசாரவே.

ஆகவே நேரில் பார்க்கவேண்டும். அதிலும் ஒரு சிக்கல். நம் ஊர் ரோட்டில் ஹெல்மெட்டைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வரும் ஹெல்மெட், போலீஸ் நிற்பது கண்ணில் பட்டதும் தலைக்கு ஏறும், தாண்டியதும் இறங்கும். போலீஸ் நிற்கும் இடத்திலேயே நின்று எண்ணினால் ஊரே ஹெல்மெட் போடுகிறது என்று கணக்கு வரும். நாய்க்கயிறும் அப்படியே. நோட்டும் பேனாவுமாக ஒருவர் வாசலில் நின்றால் கையில் சுருட்டிவைத்திருந்த கயிறு கழுத்துக்குப் போய்விடும். பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நடத்தை மாறுவதை, சிகாகோ அருகே இருந்த ஹாதார்ன் தொழிற்சாலையின் பெயரால் 'ஹாதார்ன் விளைவு' என்று அழைப்பார்கள்.

இதற்கு வழி ஒளிந்திருந்து பார்ப்பது இல்லை. நடைக்கு வருகிறவர்களில் ஒருவராக இருந்துகொண்டு, யாருடைய பெயரையும் எழுதாமல், போட்டோ எடுக்காமல், எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்வது. நமக்கு வேண்டியது விகிதம், ஆளைப் பிடிப்பது இல்லை.

கயிறு 'இருக்கிறது' என்றால்?

நான் சில காலைகள் அப்படிக் குறித்துப் பார்த்தேன். முதல் நாளே முட்டிக்கொண்டது. கயிறு உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். போதவில்லை. நாலு நிலை இருக்கிறது:

1. கயிறு கழுத்தில், மறுமுனை கையில்.
2. கயிறு கழுத்தில், மறுமுனை தரையில் இழுபடுகிறது.
3. கயிறு கையில், நாய் தனியே.
4. கயிறே இல்லை.

இரண்டாவது நிலையை எதில் சேர்ப்பது? எழுத்துப்படி பார்த்தால் கயிறு கட்டியாயிற்று. பையன் சைக்கிளில் போகும்போது அந்தக் கயிற்றால் ஒரு பயனும் இல்லை. இதை முன்கூட்டியே முடிவுசெய்யாமல் இரண்டு பேரை எண்ண அனுப்பினால் இரண்டு விதமான கணக்கு வரும். அதனால்தான் ஆராய்ச்சியில் ஒரே இடத்தை இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று முதலில் பார்ப்பார்கள். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்க, ஜேக்கப் கோஹன் 1960-இல் 'கப்பா' என்ற அளவையைக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம். வீட்டில் ஒரு ஆளைக் கூட்டிப்போய் இரண்டு நோட்டையும் ஒப்பிட்டாலே போதும்.

வாசலில் ஒரு கணக்கு, மைதானத்தில் ஒரு கணக்கு

இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம்.

ஒரு காலையில் பூங்காவுக்கு 20 நாய்கள் வருகின்றன. 16 நாய்களுக்குக் கயிறு உண்டு. அவை ஆளோடு ஒரு சுற்று சுற்றி 15 நிமிஷத்தில் போய்விடுகின்றன. மீதி 4 நாய்களுக்குக் கயிறு இல்லை. அவை ஓடி விளையாடி ஒரு மணி நேரம் இருக்கின்றன.

வாசலில் நின்று எண்ணுபவர் சொல்வார்: 20-க்கு 4, அதாவது 20 சதவீதம்தான் விதியை மீறுகிறது.

இன்னொருவர் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, அந்த நொடியில் கண்ணில் படும் நாய்களை எண்ணுகிறார். கயிறு கட்டிய நாய்கள் அங்கே இருக்கும் மொத்த நேரம் 16 × 15 = 240 நிமிஷம். கட்டாத நாய்கள் இருக்கும் நேரம் 4 × 60 = 240 நிமிஷம். ஆக, அவர் கணக்கில் சரிபாதி, 50 சதவீதம் மீறல்.

ஒரே பூங்கா, ஒரே காலை, அதே நாய்கள். ஒருவர் 20 என்கிறார், ஒருவர் 50 என்கிறார். இருவர் சொல்வதும் சரி. அவர்கள் பதில் சொல்லும் கேள்விதான் வேறு வேறு. 'நாய் வளர்ப்பவர்கள் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறார்கள்?' என்பது கேள்வியானால் வாசல் கணக்கு. 'என் பிள்ளை உள்ளே போனால் கட்டாத நாயை எதிர்கொள்ள எவ்வளவு வாய்ப்பு?' என்பது கேள்வியானால் பெஞ்ச் கணக்கு. விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும்போது எந்த முறையில் பார்த்தால் எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று ஜீன் ஆல்ட்மன் 1974-இல் ஒரு கட்டுரையில் வகைப்படுத்தினார். ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளைக் கவனித்தவர் அவர். நாய் வளர்க்கும் மனிதர்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது.

பூங்கா பற்றிய சண்டைகளில் பாதி இதனால்தான் வருகிறது. நாய் வளர்ப்பவர் வாசல் கணக்கைச் சொல்வார்: "நாங்கள்லாம் கயிறு போட்டுத்தான் வர்றோம், யாரோ நாலு பேரு பண்றது." பிள்ளை வைத்திருப்பவர் பெஞ்ச் கணக்கைச் சொல்வார்: "எப்பப் பாத்தாலும் அவுத்து விட்டுருக்காங்க." இருவரும் ஒருவரை ஒருவர் பொய் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊரில் கீழே என்ன எண் போடுவது?

விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். மேலே கயிறு கட்டிய நாய்கள். கீழே? கயிறு கட்டியிருக்க வேண்டிய நாய்கள் எல்லாம். பேராவூரணியில் இந்தக் கீழ் எண்தான் பிடிபட மாட்டேன் என்கிறது.

கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி நாங்கள். வயலும் உண்டு, தென்னந்தோப்பும் உண்டு. தோப்புக்குத் தோப்பு காவலுக்கு நாய் இருக்கும். ராத்திரி தேங்காய்க்குக் காவல், பகலில் அதன் இஷ்டம். தெருவில் மூன்று வீட்டில் சோறு தின்று நாலாவது வீட்டுத் திண்ணையில் படுக்கும் நாய் இருக்கிறது. கழுத்தில் பட்டை மட்டும் போட்டு, கயிறே பார்க்காத நாய் இருக்கிறது. கயிறு கட்டி நடத்திக் கூட்டிப்போகும் லேப், பொமரேனியன் எல்லாம் கொஞ்சம் வீடுகளில்தான்.

மைதானத்தில் அவிழ்த்துவிட்டுத் திரியும் ஒரு நாயைப் பார்த்தால், அது விதியை மீறிய செல்லநாயா, விதிக்கே உட்படாத தெருநாயா? 2023-ஆம் வருஷ விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் வீட்டு விலங்கு ஒரு வகை, தெருவில் வாழும் விலங்கு ஒரு வகை என்று பிரிக்கின்றன. வீட்டு விலங்குக்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் உரிமையாளர் பொறுப்பு. தெரு விலங்குக்கு அது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. 2025 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னதும் இரண்டாவது வகையைப் பற்றித்தான். காகிதத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. திண்ணையில் அப்படி இல்லை. ராத்திரி திருடன் வந்தால் எங்க நாய், பகலில் யாரையாவது கடித்தால் தெருநாய். என் வாயிலிருந்து அன்றைக்கு வந்ததும் அதுதான்.

சட்டத்தின் 'தன் வசம் உள்ள' என்ற சொற்கள் இங்கே வந்து நிற்கின்றன. யார் வசமும் இல்லாத நாய்க்குக் கயிறு கட்டச்சொல்லி யாரிடம் சொல்வது? கட்டாத நாய்களையெல்லாம் தெருநாய் என்று ஒதுக்கிவிட்டால், எங்கள் ஊரில் கயிறு விதி நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கப்படுகிறது! கயிறு கட்டிய நாய் மட்டும்தானே செல்லநாய்.

ஆகவே கயிறைக் கண்காணிப்பதற்கு முந்தைய படி, நாய்க்கு ஆள் உண்டா என்று தெரிவது. சென்னையில் மைக்ரோசிப் கேட்பதன் உண்மையான பயன் இதில் இருக்கிறது. கடித்தபிறகு 'என் நாய் இல்லை' என்று சொல்லமுடியாது.

எப்போது கட்டுகிறார்கள்?

அபராதத்தைக் கூட்டினால் கட்டுவார்கள் என்பது முதலில் தோன்றும் யோசனை. தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயம் வரும் என்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியின் பெக்காரியா 1764-இலேயே எழுதிவிட்டார். 5,000 ரூபாய் என்று அறிவித்துவிட்டு, கேட்க ஆள் இல்லாவிட்டால் அது பூஜ்யம் ரூபாய்தான்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் பொது இடத்தில் கயிறு கட்டாயம். அங்கே வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் உண்டு, அதற்குப் பொறுப்பான ஆள் யாரென்று தெரியும். கூடவே நாயை அவிழ்த்துவிட வேலி போட்ட தனி இடங்களும் பூங்காக்களில் இருக்கின்றன. நியூயார்க்கில் சில பூங்காக்களில் பூங்கா திறந்ததிலிருந்து காலை 9 மணி வரையும், இரவு 9 மணியிலிருந்து பூங்கா மூடும் வரையும் அவிழ்த்துவிடலாம், மற்ற நேரம் கூடாது. இந்திய விலங்கு நல வாரியமும் தன் வழிகாட்டுதலில், பூங்காவுக்கு நாயே வரக்கூடாது என்பது குறுகிய பார்வை, ஓட இடமில்லாத நாய் அந்த வேகத்தை மூர்க்கத்தில் காட்டலாம், நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறது. நாய் ஓட ஒரு இடமும் நேரமும் கொடுத்துவிட்டால், மற்ற இடத்தில் கட்டச்சொல்ல நமக்கு நியாயம் கிடைக்கிறது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கடற்கரைகளில், மணலில் முட்டையிடும் பறவைகளைக் காப்பதற்காக ஒரு ஆய்வு நடந்தது. 2009-இல் வெளியானது. தன் நாயால் பறவைக்கோ மனிதருக்கோ ஆபத்து என்று நம்புபவர்களும், சுற்றியிருப்பவர்கள் கயிறை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைப்பவர்களும்தான் கட்டவேண்டிய கடமையை அதிகம் உணர்கிறார்கள் என்று அதில் தெரிந்தது. நம் ஊருக்கு இது நல்ல செய்தி. இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "அண்ணே, கயிறு எங்க?" என்று நடைக்கு வரும் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டாலே போதும், மறுநாள் கயிறு வந்துவிடும். என் விஷயத்தில் யாரும் கேட்டதில்லை. "கருப்பன் ஒண்ணும் பண்ணாது" என்று நானே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

அந்தப் பையன்

தோலுக்குள் போடும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போடவேண்டும். கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுவது முதல் வேலை. ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். கடித்தது யார் நாய், தடுப்பூசி போட்டதா, அடுத்த 10 நாள் கண்ணில் வைத்துப் பார்க்கமுடியுமா என்று மருத்துவர் கேட்பார். நாய் பத்து நாளும் நலமாக இருந்தால், மேற்கொண்டு என்ன செய்வது என்று முடிவெடுக்க அது அவருக்கு உதவும். தெருநாய் என்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

அதாவது, நான் சொன்ன அந்த மழுப்பல் பதில் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு மட்டும் இல்லை. ஒரு பிள்ளையின் வைத்தியத்தில் போய் நின்ற தப்பான தகவல்.

மூன்றாம் நாள் ஊசிக்கு அவர்கள் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்குப் போனேன். "தம்பி, அது என் நாய்தான். ஊசி போட்டு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கட்டித்தான் வச்சிருக்கேன், பத்து நாளும் பாத்துச் சொல்றேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம் சார்" என்றார். பிறகு, "சரி, வாங்க, டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார். கருப்பனுக்குப் பத்து நாளும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது கருப்பனுக்கு ஊசி அட்டை இருக்கிறது. கழுத்துப்பட்டையில் என் போன் நம்பர் எழுதிய தகடு இருக்கிறது. கயிறும் இருக்கிறது. தோப்புக்குப் போனால் அவிழ்த்துவிடுகிறேன், ஊருக்குள் இல்லை.

உங்கள் ஊர் மைதானத்தில் எண்ணிப் பார்க்க நினைத்தால் ஒரு காலை, ஒரு மாலை போதும். நாலு நிலைக்கும் நாலு கட்டம் போடுங்கள். வாசலில் ஒரு ஆள், பெஞ்சில் ஒரு ஆள். பக்கத்தில் இன்னொரு கட்டமும் போட்டு வையுங்கள்: 'ஆள் யாரென்று தெரியவில்லை.' எங்கள் ஊரில் அந்தக் கட்டம்தான் முதலில் நிறைந்தது. அதில் ஒரு கோடு என்னால் விழுந்தது.